கொசுப்புழுவுக்கு வேம்பா, கிராம்பா, சீத்தா விதையா?

இயற்கையா கொசுப்புழுவ ஒழிக்க எது நல்லதுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு செடி பேர் சொல்லுவாங்க, ஆனா எந்தத் தண்ணில ஊத்தப் போறேன்னு ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. விஷயமே அதுல தான் இருக்கு.

வேப்ப எண்ணெய்ல இருக்குற அசாடிராக்டின் புழுவ பட்டுனு கொல்லாது, தோல் உரிக்கிற ஹார்மோன குழப்பி விட்டுடும், அதனால ரெண்டு மூணு நாள் கூட நெளிஞ்சுகிட்டே இருந்துட்டு கடைசில பாதி உரிச்ச தோலோட சாகும். மறுநாளே எட்டிப் பாத்துட்டு "இது வேஸ்ட்"னு முடிவு கட்டுறவங்க தான் அதிகம். நிஜமான குறை என்னன்னா வெயில் பட்டா அசாடிராக்டின் சீக்கிரம் சிதைஞ்சிடும், திறந்த குட்டைன்னா திரும்பத் திரும்ப ஊத்தணும். அப்புறம் எண்ணெய அப்படியே விட்டா திட்டுத் திட்டா மிதக்கும், சோப்புக் கரைசல்ல அடிச்சு வெள்ளையா கலங்கினதும் தான் ஊத்தணும். ஆனா அந்த சோப்பும் சும்மா இருக்காது பாருங்க, ஏடிஸ், கியூலெக்ஸ் வகைக் கொசுவோட புழுவெல்லாம் தலைகீழா தொங்கி வால் பக்கக் குழாய மேல நீட்டித் தான் மூச்சு விடும், சோப்பு நீர்ப்பரப்போட இழுவிசைய கொறச்சிட்டா அதால மேல நிக்க முடியாது. அதனால சோப்ப மட்டும் ஊத்தி தனியா ஒரு டெஸ்ட் பாக்காம வேம்பு கொன்னுச்சுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

கிராம்பு எண்ணெய் நேர் எதிர். அதுல இருக்குற யூஜெனால் வேகமா வேலை செய்யும், லேப்ல பொதுவா 24 மணி நேரத்துல எத்தன செத்துச்சுன்னு எண்ணுறதால பேப்பர்ல சூப்பரா தெரியும். ஆவியாகிப் போயிடும்ங்கிறது தான் சிக்கல், நாளைக்கு புதுசா பொரிக்கிற முட்டைக்கு அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது, மீன் இருக்குற தண்ணின்னா அதுக்கும் ஆபத்து.

சீத்தாப்பழ விதைல இருக்குற அசிட்டோஜெனின் செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியாவையே முடக்கும், இந்த மூணுல பலமானது இதுன்னு தான் சொல்லுவேன். அதனாலயே பயமும் இது மேல தான், விதைப்பொடி கண்ணுல பட்டா கண்ணையே கெடுத்துடும், குடிக்கிற தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க.

செடி இல்லாட்டியும் பிடிஐங்கிற (Bti) கொசுப்புழு மருந்த விட்டுட்டு பேச முடியாது. 1976ல இஸ்ரேலோட நெகேவ் பாலைவனத்துல கண்டுபிடிச்ச பாக்டீரியா, புழு தின்னா அதோட காரத்தன்மையுள்ள குடல்ல விஷம் கரைஞ்சு கிழிச்சிடும், பெரும்பாலும் கொசு, கருப்பு ஈ மாதிரி நெருங்கின சொந்தங்களத் தான் தாக்கும். ஒரே விஷம் இல்லாம பல விஷம் சேந்து வர்றதால எதிர்ப்பு சக்தி வர்றதும் கஷ்டம், டெமிஃபாஸ்ங்கிற ரசாயன கொசுப்புழு மருந்துக்கு பல நாட்டுல ஏடிஸ் எதிர்ப்பு வளத்துக்கிச்சே, அந்தக் கத இதுக்கு இன்னும் வரல. ஆனா சாக்கடைல பிடிஐ சீக்கிரம் அடங்கிடும். கூட்டுப்புழு எதையும் திங்காதுங்கறதால அதுக்கும் இது உதவாது.

அதனால என் கணக்கு இது தான்: சேமிச்சு வைக்கிற தண்ணிக்கு மூடி, இல்லன்னா குடிநீருக்குன்னு அனுமதி உள்ள பிடிஐ. குடிக்காத, நிழல்ல தேங்கி நிக்கிற சின்னத் தண்ணிக்கு சோப்பு கலந்த வேப்ப எண்ணெய். கிராம்பு எண்ணெய கொசுப்புழுவுக்குன்னு காசு குடுத்து நான் வாங்க மாட்டேன்.