பாப் ரிப்போர்ட்டில் மாற்றம்: காத்திருப்பதா, ஹெச்பிவி டெஸ்டா, கால்போஸ்கோபியா?

பாப் ஸ்மியர், அதாவது கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் டெஸ்டின் ரிப்போர்ட்டில் ‘ஏஎஸ்சி-யுஎஸ்’ என்று பார்த்ததுமே புற்றுநோய் என்று முடிவுகட்டிவிடுபவர்கள் உண்டு. செல்கள் லேசாக மாறித் தெரிகின்றன, காரணம் உறுதியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்து என்ன செய்வது என்பதில்தான் குழப்பம்.

ஒரு வருடம் கழித்து மறுபடி பாப் எடுப்பது செலவு குறைந்த வழி. ஆனால் வலியும் இல்லை, உதிரப்போக்கும் இல்லை என்றால் யார் ஞாபகமாகப் போகிறார்கள்? பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று தள்ளிக்கொண்டே போகும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் காத்திருக்கலாம். அந்த வயதில், இந்த மாற்றத்துக்குக் காரணமாக இருக்கக்கூடிய ஹெச்பிவி வைரஸ் தொற்று பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

மற்றவர்களுக்கு என் ஓட்டு ஹெச்பிவி டெஸ்டுக்குத்தான். புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்றே நேரடியாகப் பார்க்கிறது. இல்லை என்று வந்தால், அமெரிக்க வழிகாட்டுதலின்படி அடுத்த பரிசோதனைக்கு 3 வருடம் கழித்து வந்தால் போதும். இருந்தால் கால்போஸ்கோபி, அதாவது கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை. புற்றுநோய் அபாயம் அதிகமுள்ள 16, 18 வகை வைரஸ்கள் என்றால் தள்ளிப்போடவே கூடாது. பாப் மாதிரியைத் திரவ பாட்டிலில் எடுத்திருந்தால், மிச்சமிருப்பதிலேயே இந்த டெஸ்டைச் செய்துவிட முடியும். கண்ணாடித் தகட்டில் தேய்த்திருந்தால் புதிதாக எடுக்க வேண்டும். லேபில் முதலில் இதைக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘ஹெச்எஸ்ஐஎல்’ (செல்களில் தீவிர மாற்றம்) அல்லது ‘ஏஎஸ்சி-ஹெச்’ (அப்படி இருக்கலாம் என்ற சந்தேகம்) என்று இருந்தால் இந்த விவாதமே வேண்டாம், நேராகக் கால்போஸ்கோபிதான். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. பெரிதாக்கிக் காட்டும் கருவி வெளியேதான் நிற்கும். கருப்பைவாயில் 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் காத்திருப்பார்கள், லேசாக எரியும். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். அப்புறம் அயோடின் தடவினால் நல்ல பகுதி பழுப்பாகும், சந்தேகப் பகுதி மஞ்சளாகவே நிற்கும். அங்கிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி பயாப்சிக்கு அனுப்புவார்கள். கிள்ளும்போது சுருக்கென்று இருக்கும். ஓரிரு நாள் லேசாகக் கசியலாம்.

சரி, ஊர் தூரம், மறுபடி வருவது நிச்சயமில்லை என்றால்? திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில் பயிற்சி பெற்ற செவிலியர்களே அசெட்டிக் அமிலம் தடவிப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குக் கால்போஸ்கோபி, பயாப்சி, மாறிய செல்களை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை எல்லாவற்றையும் அதே வருகையில் முடித்தார்கள். 2007இல் வெளியான முடிவுகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் ஹெச்பிவி டெஸ்டைக்கூட வற்புறுத்த மாட்டேன். ஒரே நாளில் பார்த்து முடித்துவிடும் இடமாகத் தேடச் சொல்வேன்.