வி8, இன்லைன் சிக்ஸ்: இரண்டையும் தினசரி வண்டியாக ஓட்டியபின்

பெரிய சொகுசு செடான் வாங்கப் போகிறேன், எந்த எஞ்சின் எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் பேச்சு குதிரைத்திறனில்தான் தொடங்குகிறது. 380-ஆ, 530-ஆ, 600-ஆ என்று. அந்த எண் வண்டியின் வாழ்நாளில் எத்தனை நொடி பயன்படப் போகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. உச்ச சக்தி இருப்பது 6,000 ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுழலும் எண்ணிக்கை) பக்கத்தில். வண்டியோ பெரும்பாலான நேரம் 1,200-க்கும் 3,000-க்கும் நடுவில்தான் ஓடுகிறது. அந்த இடைவெளியில் எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வி8 என்றால் வி (V) வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்; டர்போ என்றால் எக்சாஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. இரட்டை டர்போ வி8 வைத்த செடான் ஒன்றைப் பல ஆண்டுகள் ஓட்டினேன். இப்போது அதே அளவு வண்டியில் டர்போ இன்லைன் சிக்ஸ், அதாவது ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். இரண்டையும் விசேஷ நாள் வண்டியாக மூடி வைக்காமல் தினமும் எடுத்ததால், டெஸ்ட் டிரைவில் தெரியாத பல விஷயங்கள் தெரிந்தன.

முதலில் டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பது. இதைப் புரிந்துகொள்ள பிஎம்டபிள்யூவின் அதிவேக செடானான எம்5-இன் இரண்டு தலைமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். 2005-இல் வந்த எம்5-இல் டர்போ இல்லாத 5 லிட்டர் வி10. சக்தி 507 குதிரைத்திறன், அதுவும் 7,750 ஆர்பிஎம்மில். டார்க் 520 நியூட்டன் மீட்டர், அது 6,100-இல். 2011-இல் வந்த அடுத்த எம்5-இல் 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8. 560 குதிரைத்திறன், 680 நியூட்டன் மீட்டர். குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் பத்து சதவீதச் சொச்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த 680 நியூட்டன் மீட்டர் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. 2,000-இல் கணக்குப் போட்டால் டர்போ வி8 கையில் ஏறக்குறைய 194 குதிரைத்திறன் வைத்திருக்கிறது. வி10-இன் 520-உம் அங்கேயே கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 150-ஐத் தொடாது. உண்மையில் கிடைப்பது அதற்கும் கீழே. முன்னால் போகும் லாரியைத் தாண்ட வி10 இரண்டு மூன்று கியர் இறங்கி அலற வேண்டும். டர்போ வி8 இருந்த இடத்திலிருந்தே தாண்டிவிடும்.

என் வி8 அப்படித்தான் இருந்தது. எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில், 100 கி.மீ. வேகத்தில் டயல் முள் 1,500-ஐ ஒட்டி நிற்கும். காலை லேசாக வைத்தால் கியர் கூட இறங்காமல் வண்டி எழும்பும். பின்சீட்டில் தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார். சொகுசு செடானுக்கு இதுதான் பிக்கப். சத்தமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிராஸ்பிளேன் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின் வளைவுகள் சிலுவை போல 90 டிகிரி இடைவெளியில் இருப்பது) உள்ள வி8-இல் எல்லா சிலிண்டரும் சேர்ந்து சீரான இடைவெளியில் வெடித்தாலும், ஒரு பக்கத்து நான்கை மட்டும் எடுத்தால் இடைவெளி ஒழுங்கில்லாமல் வரும். அந்த ஒழுங்கின்மைதான் காதுக்கு அந்த அடித்தொண்டை உறுமலாகக் கேட்கிறது. அதை நான் மனதார ரசித்தேன், இன்றும் தெருவில் ஒன்று போனால் திரும்பிப் பார்ப்பேன்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. வெப்பத்தில்.

இப்போதைய டர்போ வி8-களில் பல 'ஹாட் வி' அமைப்பு. அதாவது எக்சாஸ்ட் வெளியே பக்கவாட்டில் போகாமல், இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுப்பள்ளத்தில் வருகிறது. டர்போக்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. நன்மை உண்மையானது. புகை போகும் பாதை குறுகியதால் டர்போ சீக்கிரம் சுழலும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாகும், எஞ்சினின் அகலமும் குறையும். ஆனால் வண்டியின் மிகச் சூடான பொருள் எஞ்சினின் உச்சியில், பானெட்டுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மலைப்பாதை ஏறி வந்து வண்டியை அணைத்தபின்னும் மின்சார கூலன்ட் பம்பும் விசிறியும் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் நின்றதும் காற்று நின்றுவிடும், சூடு மட்டும் நிற்காது.

என் வண்டியில் கூலன்ட் அளவு மெல்ல மெல்லக் குறைந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. கவரைக் கழற்றிப் பார்த்தால், நடுப்பள்ளத்தில் ஓடும் குழாய் ஒன்றின் பிளாஸ்டிக் இணைப்பு பழுப்பேறிப் போயிருந்தது. மெக்கானிக் இரண்டு விரலால் அழுத்தினார்; பிஸ்கட்டைப் போல நொறுங்கியது. கசிந்த கூலன்ட் கீழே இறங்கும் முன்பே ஆவியாகிக்கொண்டிருந்திருக்கிறது, இணைப்பைச் சுற்றி வெள்ளைப் பொடி மட்டும்தான் மிச்சம். "சார், நடுவுல இருக்கிற குழாய் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திடுவோம். ஒண்ணு போயிடுச்சுன்னா மத்தது பின்னாலேயே வரும்," என்றார். சரியான யோசனை. பாகத்தைவிட அங்கே கை போவதற்கான கூலிதான் அதிகம். திறந்த நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுவதே புத்திசாலித்தனம். வி8 வாங்குகிறவர்கள் ரப்பர், பிளாஸ்டிக், கேஸ்கெட் மூன்றையும் பிரேக் பேடு மாதிரி தேயும் பொருளாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவுக்கு மனம் தயாராக இருந்தால் வி8 உங்களை ஏமாற்றாது.

இன்லைன் சிக்ஸுக்கு வருகிறேன். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும்போது, மேலும் கீழும் போகும் பிஸ்டன்களின் முதல்நிலை, இரண்டாம்நிலை அதிர்வுகள் (எஞ்சின் சுழலும் வேகத்திலும் அதன் இருமடங்கிலும் வருபவை) ஒன்றையொன்று முழுவதும் அழித்துக்கொள்கின்றன. அதிர்வை ஈடுகட்டச் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட் தேவையில்லை. வி6-க்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. மெர்சிடிஸ் 1997-இல் இன்லைன் சிக்ஸை விட்டு 90 டிகிரி வி6-க்கு மாறியது. வி8-ஐயும் வி6-ஐயும் ஒரே இயந்திர வரிசையில் செய்ய முடியும் என்பது பெரிய லாபம். அதிர்வை அடக்க அதற்குள் பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்க வேண்டியிருந்தது. அதே நிறுவனம் 2017-இல் எஸ் கிளாஸில் எம்256 என்ற எஞ்சினோடு இன்லைன் சிக்ஸுக்கே திரும்பியது. எஞ்சினின் முன்பக்கம் பெல்ட்டே கிடையாது. ஏசி கம்ப்ரசரும் வாட்டர் பம்பும் 48 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகின்றன. அதனால் நீளமான எஞ்சினும் அதே பானெட்டுக்குள் அடங்கிவிட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவரும் 2019-இல் இதே வழிக்கு வந்தது. பிஎம்டபிள்யூ இந்த அமைப்பை விட்டதே இல்லை.

டர்போவுக்கும் இந்த அமைப்பு இயல்பாகப் பொருந்துகிறது. வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்று, பின் மூன்று என்று மாறி மாறி வரும். ஆகவே முன் மூன்றின் புகையை ஒரு பாதையிலும் பின் மூன்றின் புகையை மறு பாதையிலும், இரண்டு தனி நுழைவு உள்ள ட்வின் ஸ்க்ரோல் டர்போவுக்கு அனுப்பினால், இரண்டு பாதையிலும் சீரான இடைவெளியில் அடி விழும். வி8-இல் இதே சீரைக் கொண்டுவர பிஎம்டபிள்யூவின் எஸ்63 எஞ்சினில் (மேலே சொன்ன 2011 எம்5-இன் வி8) இரண்டு பக்க எக்சாஸ்ட்டையும் குறுக்கே பின்னிய மேனிஃபோல்டு, அதாவது புகைக் குழாய்த் தொகுப்பு, போட வேண்டியிருந்தது. இன்லைன் சிக்ஸில் நேராக இரண்டு குழாய், வேலை முடிந்தது. என் இப்போதைய வண்டி 1,400-இலிருந்து 1,800-க்குள் விழித்துக்கொள்கிறது, அதற்குமேல் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஸ்பார்க் ப்ளக் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன்: ஆறு இக்னிஷன் காயில்களும் மேலே ஒரே வரிசையில், கைக்கு எட்டும் உயரத்தில். ஒருபக்கம் எக்சாஸ்ட், மறுபக்கம் இன்டேக். சூடான பக்கத்தையும் குளிர்ந்த பக்கத்தையும் பிரித்து வைத்திருப்பதால் குழாய்களும் வயர்களும் நிம்மதியாக இருக்கின்றன.

பலர் கவனிக்காத இன்னொன்று, எஞ்சின் மாறினால் ஸ்டியரிங்கும் மாறும். இதற்கு இ39 என்ற பிஎம்டபிள்யூ 5 சீரீஸைவிட நல்ல உதாரணம் இல்லை. 1995-இல் வந்த அந்த வண்டியில் ஆறு சிலிண்டர் மாடல்களுக்கு ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் (பல்சக்கரம் பல்தண்டை நேராக நகர்த்தும் வகை). வி8 மாடல்களில் எஞ்சினின் அகலத்தால் ரேக்குக்கு இடமில்லை என்று பழைய ரீசர்குலேட்டிங் பால் வகையை (உருண்டைகள் உள்ள கியர் பெட்டி வழியாகத் திருப்புவது) போட்டார்கள். எம்5-க்கும் அதுதான். பெயர் ஒன்று, உடல் ஒன்று, கையில் உணர்வது வேறு. இன்று வி8 மாடல்களுக்கும் ரேக் வந்து அந்த இடப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, முன்னச்சின் மேல் உள்ள எடை தீரவில்லை. கொண்டை ஊசி வளைவில் என் வி8 முதலில் வெளிப்பக்க முன்சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, பிறகுதான் மூக்கைத் திருப்பும். சிக்ஸ் ஸ்டியரிங்கோடு சேர்ந்தே திரும்புகிறது. வளைந்த சாலையில் நாளெல்லாம் ஓட்டினால் தோள்பட்டைக்கு இந்த வித்தியாசம் தெரியும். முன்டயர் தேய்மானத்திலும் தெரிந்தது.

சிக்ஸ் எங்கே தோற்கிறது? நான்கு பேர், டிக்கி நிறையச் சாமான், நீண்ட ஏற்றம் என்றால் வி8-இன் அலட்சியம் இதில் கிடையாது. வேகம் ஏற ஏற வி8 கொடுத்துக்கொண்டே இருக்கும். சிக்ஸ் ஓரிடத்தில் உழைக்கிறது என்று தெரியும். அதிவேகப் பாதைகளில் நீண்ட தூரம் போவதே வழக்கம் என்பவருக்கும், பந்தயத் தளத்துக்கு வண்டியைக் கொண்டுபோகிறவருக்கும் நான் தயங்காமல் வி8-ஐத்தான் சொல்வேன். நெரிசலில் ஊர்ந்து, இடையிடையே நெடுஞ்சாலை பார்க்கும் மற்ற எல்லோருக்கும் இன்லைன் சிக்ஸ்.

டீசலைப் பற்றி சுருக்கமாக: குறைந்த ஆர்பிஎம் இழுவைதான் வேண்டும் என்றால் ஆறு சிலிண்டர் டீசலுக்கு இணையில்லை. பிஎம்டபிள்யூ 2016-இல் 750டி செடானுக்காகச் செய்த நான்கு டர்போ டீசல் 3 லிட்டரில் 760 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. குட்டிக் குட்டிப் பயணங்களே அதிகம் என்றால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். வி12-ஐப் புதிதாக வாங்கும் வாய்ப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டது; பிஎம்டபிள்யூ 2022-இல் தன் பெயரில் வரும் கார்களில் அதை நிறுத்தியது.

பிளக்-இன் ஹைப்ரிடு (எஞ்சினோடு மின்மோட்டாரும், வெளியே சார்ஜ் போடும் பேட்டரியும் சேர்ந்தது) விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மின்மோட்டார் முதல் நொடியிலேயே முழு டார்க்கைக் கொடுப்பதால், நான் மேலே சொன்ன 1,200-க்கும் 3,000-க்கும் இடைப்பட்ட பகுதியை அதைவிட அழகாக எதுவும் நிரப்பாது. 2024-இல் வந்த எம்5-இல் வி8-உம் மின்மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர். ஆனால் முந்தைய எம்5-ஐவிட அரை டன்னுக்குக் குறையாமல் எடை கூடியிருக்கிறது, வண்டி 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது. அந்த எடையை பிரேக்கும் டயரும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் ஒவ்வொரு வளைவிலும் சுமக்கின்றன. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி 2022-இல் தன் அதிவேக செடானான சி63-க்கு வேறு வழி பிடித்தது: 2 லிட்டர் நான்கு சிலிண்டரும் மின்மோட்டாரும் சேர்த்து 680 குதிரைத்திறன். எண்ணில் பழைய வி8-ஐ அடித்துவிட்டது. சொகுசு செடானுக்கு நான்கு சிலிண்டரின் குரல் போதாது என்பதே என் தீர்ப்பு. 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிடு (எஞ்சினுக்குச் சிறு உதவி மட்டும் செய்யும் மின்மோட்டார்) இணைத்த சிக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல இடத்தில் நிற்கிறது. எடை அதிகம் ஏறாது; டர்போ விழிக்கும் அந்த அரை நொடியை மோட்டார் மறைத்துவிடும்.

எந்த எஞ்சின் எடுத்தாலும் சில பழக்கங்களில் சமரசம் கூடாது. தயாரிப்பாளர் சொன்ன ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் தரம்) உள்ள பெட்ரோலையே போடுங்கள். குறைந்த ஆக்டேனில், தப்பான வெடிப்பைக் கண்டறியும் நாக் சென்சார் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து எஞ்சினைக் காப்பாற்றிவிடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பிக்கப் அங்கேயே போய்விடும். ஆயிலில் தயாரிப்பாளரின் ஒப்புதல் எண் அட்டையில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். டர்போவும் நேரடி ஊசிப்பும் (பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பது) உள்ள பெட்ரோல் எஞ்சினில் மிகக் குறைந்த ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால், ஸ்பார்க் வரும் முன்பே கலவை தானாக வெடிக்கும் ஆபத்து உண்டு, பிஸ்டனையே உடைக்கக்கூடியது. இதைத் தடுக்கும் தகுதியை, அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ-யின் தரங்களான 2018-இல் வந்த எஸ்என் பிளஸும் 2020-இல் வந்த எஸ்பியும் ஆயிலுக்கு விதித்தன. குறிப்பேட்டில் எழுதிய நீண்ட ஆயில் இடைவெளியை நான் ஒருபோதும் பின்பற்றியதில்லை, பாதியிலேயே மாற்றிவிடுவேன். மலை ஏறி வந்தால் கடைசி சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்துவேன், டர்போ ஆறட்டும் என்று.

டெஸ்ட் டிரைவில் விற்பனையாளர் உங்களை நேரான சாலைக்குக் கூட்டிப்போய் முழுதாக மிதிக்கச் சொல்வார். மிதியுங்கள், ஒருமுறை போதும். மீதி நேரத்தை இப்படிச் செலவிடுங்கள்: ஏசி போட்டு நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், நின்று கிளம்பும்போது குலுங்குகிறதா என்று. 60 கி.மீ. வேகத்தில் கியரை கையால் நான்கில் பூட்டி, காலைப் பாதி மட்டும் வைத்து, எத்தனை நேரம் கழித்து முதுகில் தள்ளுகிறது என்று கவனியுங்கள். ஒருமுறை பின்சீட்டில் உட்கார்ந்து வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள். பழைய வண்டி என்றால், எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது நீங்களே முதல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்கிறவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் பின்னால் நீலப்புகை வருகிறதா என்று ஒருவர் நின்று பார்க்கட்டும். பிறகு ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். சிக்ஸில் ஒன்றிரண்டு விடுபட்டிருந்தால் விலை பேசலாம். வி8-இல் விடுபட்டிருந்தால் அந்த வண்டி வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.