"எங்கள் சொந்த எல்எம்எஸ்" என்று யாராவது விற்க வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

ஒரு பயிற்சி நிறுவனத்தின் இணையவழி வகுப்புகளைக் கவனிப்பவன் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தார் வந்து, "நாங்களே எழுதிய எல்எம்எஸ்" என்று, அதாவது இணையவழிப் பாடங்களை நடத்தும் மென்பொருள் என்று, ஒன்றைக் காட்டினார்கள். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம். பார்க்க நன்றாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தை பேக்கப் எடுத்தபோதுதான் உறைத்தது. கோப்புப் பெயரின் வால் எம்பிஇசட் (.mbz). அது மூடுல் (Moodle) என்ற எல்எம்எஸ்ஸின் பேக்கப் வடிவம். மார்ட்டின் டூகியாமாஸ் 2002-இல் முதல் பதிப்பை வெளியிட்ட அதே மூடுல்தான். ஜிபிஎல் (GPL) என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் வருவதால் யாரும் இலவசமாக இறக்கி நிறுவிக்கொள்ளலாம். வெளித்தோற்றத்தையும் பெயரையும் மாற்றி எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். தனியாகக் காசு வாங்கிய சான்றிதழ் வசதிகூட மூடுலின் ப்ளக்இன் (கூடுதல் வசதிகள்) தளத்தில் சும்மா கிடைப்பதுதான்.

மூடுலை வைத்துச் சம்பாதிப்பது தப்பில்லை. சர்வர் நடத்தவும், புதிய பதிப்புக்கு மாற்றவும், ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரவும் ஆள் வேண்டுமே. மூடுலின் அங்கீகாரம் பெற்ற கூட்டாளி நிறுவனங்கள் இந்த வேலைக்குத்தான் கட்டணம் வாங்குகின்றன. அதில் ஒரு பங்கு மூடுலை வளர்க்கப் போகிறது. இவர்களும் உழைப்புக்கென்று கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். கேட்டதோ உரிமத்துக்கு. உழைப்பு? பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதே நின்றுபோன பழைய பதிப்பை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி, விலகுகிறோம் என்றோம். அப்போதுதான் உண்மையான அடி விழுந்தது: எங்கள் தரவு எங்கள் கைக்கு வரவில்லை.

ஜிபிஎல்லைக் காட்டி மிரட்டிப் பார்த்தேன். அசட்டுத்தனம். மென்பொருளின் நகலை ஒருவருக்குக் கொடுத்தால்தான் மூலநிரலையும் கொடுக்கச் சொல்கிறது ஜிபிஎல். தங்கள் சர்வரிலேயே ஓட்டி, நம் உலாவியில் காட்டினால் அது கொடுத்ததாகாது. கேன்வாஸ், ஓப்பன் எடெக்ஸ் போன்ற வேறு எல்எம்எஸ்கள் வரும் ஏஜிபிஎல் (AGPL) உரிமம் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது. ஆனால் எங்களுக்கு நிரல் எதற்கு? மூடுல்தான் இலவசமாகக் கிடைக்கிறதே. வேண்டியது தரவுத்தளத்தின் முழு நகலும், மாணவர்கள் ஏற்றிய கோப்புகள் இருக்கும் மூடுல்டேட்டா கோப்புறையும். அவற்றைப் பற்றி இந்த உரிமங்கள் பேசுவதில்லை, ஒப்பந்தம்தான் பேச வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை.

நீங்கள் ஒப்பந்தம் பேசப் போனால் தரவுத்தள நகல், மூடுல்டேட்டா இரண்டும் மாதம் ஒருமுறை உங்கள் கைக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இணைய முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். முழு நிர்வாகிக் கணக்கும் கேளுங்கள். எங்களுக்குத் தந்தது மேலாளர் கணக்குதான், அதிலும் பயனர் விவரத்தோடு பேக்கப் எடுக்கும் வசதியை அடைத்து வைத்திருந்தார்கள்.

கடைசியில் பாட பேக்கப்களை மட்டும் தந்தார்கள். பாடங்கள் வந்தன, மாணவர்கள் வரவில்லை. மதிப்பெண்கள், ஒப்படைப்புகள், கலந்துரையாடல்கள் எல்லாம் இன்னும் அவர்கள் சர்வரில்தான். போன வாரம் "தரவு இடமாற்றக் கட்டணம்" என்று இன்னொரு பில் வந்திருக்கிறது.