நெட்வொர்க் எண்களை நாமே போடுவதா, பதிந்து வாங்குவதா?

வடக்கு ரத வீதி திருநெல்வேலி டவுனிலும் உண்டு, சங்கரன்கோவிலிலும் உண்டு. ஊருக்குள் இருக்கும்வரை யாருக்கும் குழப்பமில்லை. ஊர்ப்பெயர் போடாத கடிதம் வந்தால்தான் தபால்காரர் திணறுவார். தனி நெட்வொர்க் முகவரிகளும், அதாவது ஒரு வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ மட்டும் செல்லும் கணினி எண்களும், இதே மாதிரிதான். 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இன்டர்நெட் விதி ஆவணம், 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் மூன்று தொகுதிகளை ஒதுக்கி, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்றது.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பாத்திரக்கடை. அவர்களுக்கே பாளையங்கோட்டையில் இன்னொன்று. விபிஎன் போட்டு, அதாவது இன்டர்நெட் வழியாகவே ஒரு தனிப்பாதை அமைத்து, இரண்டையும் இணைக்கப் போனேன். இரண்டு ரவுட்டரும் டப்பாவில் வந்தபடியே 192.168.1-ல் இருந்தன. பாளையங்கோட்டை ஸ்டாக் சர்வரின் எண் 192.168.1.10. அம்பையில் பில் போடும் தம்பி அதைத் தட்டினால், அவர்கள் கடைப் பிரிண்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறந்து ‘மை குறைவு’ என்றது. அங்கே 10-ஆம் எண் பிரிண்டருக்கு.

“பத்திரம் பதியற மாதிரி இதையும் எங்கயாவது பதிஞ்சு வச்சிரலாம்லா?” என்று கேட்டார் கடை அண்ணாச்சி. நியாயமான கேள்வி. மேலே சொன்ன எண்களெல்லாம் ஐபிவி4 என்ற பழைய முறை. அதற்கு அடுத்து வந்த, நீளமான முகவரிகள் கொண்ட ஐபிவி6-ல் தனி நெட்வொர்க்குக்கான தொகுதியை இரண்டாகப் பிரித்தார்கள். எஃப்சி என்று தொடங்கும் பாதி, மையமாகப் பதிந்து கொடுப்பதற்காக. ஆனால் அதற்கு அலுவலகம் எதுவும் திறக்கவேயில்லை. பதிந்து கொடுத்தால் ‘என் பெயரில்தானே இருக்கிறது, இன்டர்நெட்டிலும் ஓட விடு’ என்று ஆட்கள் கேட்பார்கள் என்ற பயம் அப்போதே எழுந்தது. அது சரியான பயம் என்றே நினைக்கிறேன். உலகத்துக்கே பொதுவான முகவரி வேண்டுமென்றால் இந்தியாவில் அதைப் பதிந்து கொடுக்க ஐஆர்ஐஎன்என் என்ற அமைப்பு இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் உண்டு. இரண்டு பாத்திரக்கடைக்கு அது தேவையில்லாத செலவு.

எஃப்டி என்று தொடங்கும் மறுபாதிதான் எனக்குப் பிடித்தது. 2005-ல் வந்த ஆர்எஃப்சி 4193-ன்படி, அடுத்த 40 பிட்டை (பூஜ்யமோ ஒன்றோ நிற்கும் 40 இடங்களை) நாமே குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி எண்கள். ஆயிரம் நெட்வொர்க்குகளை ஒன்றாகக் கோத்தாலும் எங்காவது இரண்டு மோதும் வாய்ப்பு சுமார் 22 லட்சத்தில் ஒன்று. ஆனால் நிஜமாகவே குலுக்க வேண்டும். ஞாபகத்துக்குச் சுலபம் என்று எல்லாவற்றையும் பூஜ்யமாகப் போட்டால் மறுபடி 192.168.1 கதைதான். அதைப் பலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

ஐபிவி4-ல் இவ்வளவு இடமில்லை. 10-க்கு அடுத்த எண்ணைக் குலுக்கினால் 256 வாய்ப்புதான். அதனால் அங்கே குலுக்கலோடு பதிவும் வேண்டும். ஆனால் அதற்குக் கடைக்குள் ஒரு நோட்டுப் போதும். அண்ணாச்சி கடையில் அப்படித்தான் முடித்தோம். குலுக்கியதில் 10.83 வந்தது. அம்பைக்கு 10.83.1, பாளையங்கோட்டைக்கு 10.83.2. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு மிஷினாக எண்ணை மாற்றினோம், அந்தப் பிரிண்டர் உட்பட. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அண்ணாச்சியே இரண்டு வரியும் எழுதினார். அப்புறம் பேனாவை மூடாமல், வள்ளியூரில் திறக்கப்போகிற கடைக்கு 10.83.3 என்று மூன்றாவதையும் சேர்த்தார்.