உப்புத் தண்ணீர் ஊரில் எந்த மீன் வளர்க்கலாம்: ஃபைட்டரா, மோலியா?

இராமநாதபுரம் கடற்கரை ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி நான்கு ஆண்டுகளாக இருக்கிறது. அதில் இப்போது ஓர் ஆண், நான்கு பெண் என ஐந்து கறுப்பு மோலிகள் நீந்துகின்றன. அதற்கு முன் அதே மேசையில் ஃபைட்டரையும் கப்பியையும் வளர்த்துப் பார்த்தேன். தங்க மீன் வாங்கிய உறவினர் வீட்டுத் தொட்டியையும், கோமாளி மீன் வளர்க்கும் நண்பரின் தொட்டியையும் அருகிருந்து கவனித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு மீன் வாங்கித் தர வேண்டும், ஆனால் அதற்காக அதிகம் மெனக்கெட முடியாது என்று சொல்லி யோசனை கேட்பவர்களுக்கு, நம் கடற்கரைப் பக்கத்து வீடுகளைப் பொறுத்தவரை நான் சொல்லும் பதில் மோலி என்பதே. அதற்குக் காரணம் அழகோ விலையோ அல்ல; வாரந்தோறும் தொட்டிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர்தான்.

கடைகளிலும் காணொளிகளிலும் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும் ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. இராமநாதபுரம் கடற்கரையில் நிலைமை வேறு. எங்கள் தெருவுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் சில நாள் இடைவெளியில் வருகிறது. வந்த அன்று குடங்களில் பிடித்து வைத்தால்தான் அடுத்த முறை வரை தாங்கும். மற்றப் புழக்கத்துக்கெல்லாம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர்தான். நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்க என்னிடமுள்ள சிறிய டிடிஎஸ் மீட்டரை எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் வைத்தால் கோடையில் லிட்டருக்கு 2,400 மில்லிகிராமை ஒட்டிக் காட்டுகிறது. குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் இந்தியத் தர அளவுகோல். அந்த மேல் வரம்பையும் தாண்டிய தண்ணீரில் எந்த மீன் நலமாக வாழும் என்பதுதான் இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

தங்க மீனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெண்டை இனத்தைச் சேர்ந்த அது குளிர்ந்த நீருக்குரியது. ஒரு சாணுக்குக் குறையாமல் வளரும். பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். தின்பதற்கு ஏற்பக் கழிவையும் நிறைய வெளியேற்றும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். நம் சித்திரை வெயிலில் தங்க மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். நூறு லிட்டர் தொட்டியும் வாரத்துக்கு இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணீரும் ஒதுக்க முடியாதவர்கள் அதை வாங்க வேண்டாம். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ப்பதற்காக வாங்கவே கூடாது.

கடல் பக்கத்திலேயே இருக்கும்போது கடல் மீனையே வளர்க்கலாமே என்ற எண்ணம் நம் ஊர்க்காரர்களுக்கு இயல்பாக வரும். 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையிடம் கொச்சிக்கு மாறிய பின்னும் இங்குள்ள மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. அப்படிப் பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளை வாங்கி வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் பவளத்தையோ கடற்குதிரையையோ கடலிலிருந்து எடுத்து வந்து தொட்டியில் வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா என்பதையும் மறந்துவிடக் கூடாது. நண்பரின் தொட்டியில் நான் கண்ட உண்மையான சிரமம் வேறு. கடல்நீர் கரையில் இலவசமாகக் கிடைத்தாலும், வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமும் கலங்கிப் போகிறது. வடிகட்டித் தெளிய வைக்காமல் பயன்படுத்த முடிவதில்லை. தொட்டியில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறுவதால், அன்றாடம் அளந்து நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆர்வமுள்ளவர்களுக்கு அது பேரின்பம்தான். ஆனாலும் பராமரிப்புக் குறைந்த மீன் என்ற கணக்கில் அது சேராது.

கப்பியை ஒரே ஒரு முறை, எட்டு மாதம் மட்டுமே வளர்த்தேன். எனவே அதைப் பற்றிய என் கருத்தை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். உவர்நீரைத் தாங்குவதில் கப்பி மோலிக்குப் பெரிதும் குறைந்ததன்று. கொசுப்புழுக்களை விரும்பி உண்பதால் பல ஊர்களில் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடப்படும் மீனும் அதுவே. ஆனால் அழகுக்காகப் பெரிய வாலுடன் உருவாக்கப்பட்ட ஆண் கப்பிகள் என்னிடம் நீடிக்கவில்லை. எஞ்சியவை பெருகிய வேகமோ கட்டுக்குள் அடங்கவில்லை. வால் சிறுத்த நாட்டுக் கப்பியை வாங்கியிருந்தால் இந்தப் பத்தியை வேறு விதமாக எழுதியிருப்பேனோ என்னவோ.

இனி ஃபைட்டருக்கு வருகிறேன். மோலிக்கு உண்மையான போட்டி இந்த மீன்தான். தாய்லாந்துப் பகுதியின் வயல்களிலும் ஓடாத நீர்நிலைகளிலும் வாழும் மீனினத்திலிருந்து வந்தது இது. செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பின் துணையால் காற்றை நேராகவே சுவாசிக்கும். அதனால் காற்று மோட்டார் நின்றாலும், இரவெல்லாம் மின்சாரம் இல்லாவிட்டாலும் இது திணறுவதில்லை. நம் கடற்கரை வெப்பமும் இதற்கு உகந்ததே. ஓர் ஆணைத் தனியாக வைத்தால் போதும். குஞ்சுகளைப் பற்றிய கவலை இல்லை. இத்தனை நன்மைகளையும் நம்பித்தான் நானும் முதலில் அதை வாங்கினேன். தண்ணீருக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், எந்தத் தண்ணீரானாலும் போதும் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார்.

அந்தச் சொல்லை நம்பிப் போர் தண்ணீரை ஊற்றியது என் தவறு. முதல் சில வாரங்கள் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பிறகு விசிறிபோல் விரிந்திருந்த நீலத் துடுப்புகள் ஈரத் துணிபோல உடம்போடு ஒட்டிக்கொண்டன. விளிம்புகள் வெளுத்து நார் நாராகப் பிரிந்தன. ஐந்தாம் மாதம் அது இறந்துவிட்டது. இரண்டாவது ஃபைட்டரைக் காவிரித் தண்ணீரில் வளர்த்தேன். குளோரின் வெளியேறுவதற்காக வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பின்பே ஊற்றினேன். அது இரண்டரை ஆண்டுகள் நன்றாகவே இருந்தது. ஆகவே ஃபைட்டர் இங்கே வாழாது என்று நான் சொல்லவில்லை. அது வாழ்வதற்கான தண்ணீரை நாம் குடிக்கும் குடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றே சொல்கிறேன். தண்ணீர் வராமல் போன ஒரு கோடை வாரத்தில், பக்கத்து வீட்டு அக்கா தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு திரும்பியவர், நான் வாளியை மாற்றுவதைப் பார்த்துவிட்டு, "குடிக்கிற தண்ணியையா தம்பி மீனுக்கு ஊத்துறீங்க?" என்று கேட்டார். அதில் கடிந்துகொள்ளும் தொனி இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் போர் தண்ணீரிலேயே வாழக்கூடிய மீனைத் தேடத் தொடங்கினேன்.

மோலியின் பூர்விகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும். ஆற்றிலும், ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்திலும், கடலோரச் சதுப்பிலும் வாழும் இனங்களிலிருந்து வந்தது. படிப்படியாகப் பழக்கினால் முழுக் கடல்நீரிலும் உயிர் வாழக்கூடியது. சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரும், நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.5 முதல் 8.5 வரை இருப்பதும் அதற்கு வேண்டும். நமக்குத் துணி துவைக்க நுரை வராத தண்ணீர் மோலிக்கு உடம்புக்கு ஏற்ற தண்ணீர். இதற்கு நேர்மாறானதையும் கண்டிருக்கிறேன். நல்லது செய்வதாக எண்ணிக் கேன் தண்ணீரில் மோலிகளை விட்டிருந்த தம்பி வீட்டுத் தொட்டியில், மீன்கள் இருந்த இடத்திலேயே, முன்னேறாமல், தலை முதல் வால் வரை ஆடிக்கொண்டிருந்தன. நீந்துவதற்கான அசைவெல்லாம் இருந்தும் நகர்ச்சி இல்லை. உப்புகள் நீக்கப்பட்ட நீரில் மோலிக்கு வரும் நடுக்கம் அது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போர் தண்ணீரைக் கலந்ததில் ஒரு வாரத்துக்குள் அந்த ஆட்டம் நின்றது.

பராமரிப்பு வேலையை வாரக் கணக்கில் பார்ப்போம். பதினைந்து லிட்டர் தொட்டியிலுள்ள ஃபைட்டருக்கு வாரம் நான்கு லிட்டர் நல்ல தண்ணீர் போதும். எங்கள் மோலித் தொட்டி ஏறத்தாழ 50 லிட்டர். வாரம் 12 லிட்டர் மாற்றுகிறேன், அத்தனையும் போர் தண்ணீர். அளவில் மோலிக்கு மூன்று மடங்கு தேவைப்பட்டாலும், குடத்திலிருந்து எடுப்பது குறைவு. குறைவு என்றேன். இல்லவே இல்லை என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் மாற்றுவதும், வற்றியதை நிரப்புவதும் ஒரே வேலை என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது நீர் மட்டுமே. உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. எங்கள் கூடத்தில் காற்றும் வெயிலும் புகுவதால் வாரத்துக்கு மூன்று லிட்டர் வரை வற்றுகிறது. அந்த மூன்று லிட்டரையும் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால், சில மாதங்களில் தொட்டி நீரில் போர் தண்ணீரில் இருப்பதைவிட உப்பு கூடிவிடும். கண்ணாடி விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படியும் பொருக்கே அதற்குச் சாட்சி. எனவே வற்றியதை நல்ல தண்ணீராலோ பிடித்து வைத்த மழைநீராலோ நிரப்ப வேண்டும். மாற்றுவதைப் போர் தண்ணீரால் மாற்ற வேண்டும். ஃபைட்டர் தொட்டியிலும் நீர் வற்றும் என்பதால், மொத்தத்தில் குடத்திலிருந்து போகும் தண்ணீர் மோலிக்குத்தான் குறைவு.

போர் தண்ணீரை மோட்டாரிலிருந்து நேராக ஊற்றவும் கூடாது. ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். முதல் நாள் மாலையே வாளியில் பிடித்து, காற்று மோட்டாரின் குழாயை அதில் போட்டு வைத்து, காலையில் பயன்படுத்துவது நல்லது. மொட்டைமாடித் தொட்டி நீரானால் விடியற்காலையில் பிடிக்க வேண்டும். பிற்பகலில் அது கை பொறுக்காத சூட்டில் வருகிறது.

கடின நீரில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவில் நஞ்சான பகுதி, பி.எச். ஏற ஏறக் கூடும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7-இல் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள அது, 8-இல் ஐந்து பங்கை எட்டிவிடுகிறது. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பஞ்சு ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், புதுத் தொட்டியில் முதல் மாதம் இரண்டு மீனுக்கு மேல் விட வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கே இரை போட வேண்டும். பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் அந்தப் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலச வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நம் பக்கத்துக் கடைகளுக்கு வரும் மீன்களில் பல சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களிலிருந்து, வேறு தண்ணீரில் வளர்ந்து வருபவை. கொண்டு வந்த அன்றே உப்புத் தண்ணீரில் கொட்டிவிடாமல், தனி வாளியில் வைத்து, ஐந்தாறு நாளில் சிறிது சிறிதாகப் போர் தண்ணீரின் பங்கைக் கூட்டிப் பழக்க வேண்டும். பலூன் மோலி என்று விற்கப்படும் உருண்டை வயிற்று மீனை நான் வாங்குவதில்லை. முதுகெலும்பு வளையும்படி தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட அந்த மீன் நீந்தச் சிரமப்படுவதைப் பார்க்க மனம் வருந்துகிறது. சாதாரணக் கறுப்பு மோலியே போதும். காலையில் வெயில் படும் பக்கத்துக் கண்ணாடியில் அவை வரிசையாக நின்று, உதட்டை நீட்டி நீட்டிப் பச்சைப் பாசியைச் சுரண்டித் தின்பதைப் பார்த்தால், அந்தப் பக்கத்தை நான் ஏன் தேய்த்துக் கழுவுவதில்லை என்பது புரியும்.

மோலியின் குறை அதன் பெருக்கம். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெண் மீன் குஞ்சுகளை உயிருடன் ஈனும். ஒரு தடவைக்கு 20 முதல் 60 வரை இருக்கும். ஆணே இல்லாத தொட்டியிலும், முன்பே சேர்ந்த பெண் மாதக்கணக்கில் ஈன்றுகொண்டிருக்கும். அடியில் உள்ள பின்துடுப்பு குச்சிபோல் கூர்ந்திருந்தால் ஆண், விசிறிபோல் விரிந்திருந்தால் பெண். குஞ்சே வேண்டாம் என்பவர்கள் ஆண்களை மட்டும் வாங்கலாம். நான் பாசிச் செடி வைக்காமல் விடுவதால் பெரும்பாலான குஞ்சுகளைப் பெரிய மீன்களே தின்றுவிடுகின்றன. தப்பி வளர்பவற்றைக் கடையில் கொடுத்துவிடுகிறேன். ஊருணியிலோ கண்மாயிலோ விடுவதற்கு மட்டும் எந்தக் காலத்திலும் மனம் ஒப்பக் கூடாது. அங்குள்ள நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் இவை பறித்துக்கொள்ளும்.

மாடி வீட்டில் வாடகைக்கு இருந்து, போர் இணைப்பு இல்லாமல், எல்லாவற்றுக்கும் காவிரித் தண்ணீரையும் கேனையுமே நம்பியிருப்பவர்களுக்கு என் பரிந்துரை மாறும். அவர்களுக்கு ஃபைட்டர்தான் சரி. கேன் தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றாமல், காவிரித் தண்ணீரோடு கலந்து கொடுக்கலாம். அடிக்கடி மின்சாரம் நின்று, வீட்டில் இன்வெர்ட்டரும் இல்லாதவர்களும் அதையே கருதலாம். மின்சாரம் நின்றால் காற்று மோட்டாரும் நின்றுவிடும் என்பதால்தான் நானும் 50 லிட்டரில் ஐந்து மோலிக்கு மேல் வைப்பதில்லை. எங்கள் வீட்டைப் போல் 2,400 வரையிலான தண்ணீரில்தான் மோலியை நான் வளர்த்திருக்கிறேன். அதற்கும் மேல் கரிக்கும் கிணறுள்ளவர்கள் இரண்டு மீனை வைத்து ஒரு மாதம் பார்த்த பிறகு மற்றவற்றை வாங்குவது நல்லது.

ஊருக்குப் போகும்போது நன்கு வளர்ந்த மோலிகளை ஒரு வாரம் இரை போடாமல் விட்டுச் செல்லலாம். கண்ணாடிப் பாசியே அவற்றுக்குப் போதும். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, தினமும் இரை போடச் சொல்லிவிட்டுப் போவதுதான் ஆபத்து. அன்பினால் அள்ளிப் போட்டுவிடுவார்கள். கிளம்பும் முன் நீர்மட்டத்தில் நகச்சாயத்தால் கோடு போட்டு வைக்கிறேன். திரும்பி வந்ததும் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீரை நிரப்பிவிட்டு, மறுநாள் காலையில் போர் தண்ணீரை மாற்றுகிறேன்.