மைலேஜ் கணக்கு: டேங்க் நிரப்பிப் பார்ப்பதா, டிஸ்ப்ளேவை நம்புவதா?

காரின் டிஸ்ப்ளே காட்டும் மைலேஜ் அளந்தது அல்ல, கணக்கிட்டது. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) செலவான எரிபொருளை ஊகிக்கிறது. அதனால் பல கார்களில் சில சதவீதம் கூட்டியே காட்டும். ஆனால் ஒரே பாதையில் 80 கி.மீ. வேகத்துக்கும் 100-க்கும் உள்ள மைலேஜ் வித்தியாசம் பார்க்க இதுதான் வசதி. டேங்க் முறையில் அது முடியாது.

உண்மையான எண் வேண்டுமானால் டேங்க் முறைதான். நாசில் முதல் முறை தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்துங்கள், ட்ரிப் மீட்டரை பூஜ்ஜியமாக்குங்கள். அடுத்த முறையும் அதே பம்ப், அதே பக்கம், அதே முதல் கட்-ஆஃப். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். போன முறை போட்ட லிட்டரால் அல்ல. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

கட்-ஆஃப் ஒரு லிட்டர் முன்பின் ஆகலாம். 10 லிட்டர் போட்டால் அது 10% பிழை, 40 லிட்டருக்கு 2.5%தான். எனவே டேங்க் நன்றாகக் காலியான பிறகே நிரப்புங்கள். நாலைந்து தடவையின் மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். தனித்தனி மைலேஜ்களின் சராசரி தவறான விடை தரும். வாய் வரை ததும்ப ஊற்றுவதும் வேண்டாம், ஆவி வடிகட்டும் கேனிஸ்டர் கெடும்.

தேய்ந்த டயர் மட்டும் இரண்டு முறைகளையும் ஏமாற்றும்: ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டும். ஜிபிஎஸ் வைத்து 50 கிலோமீட்டர் ஓட்டிச் சரிபாருங்கள். டிஸ்ப்ளே 18, டேங்க் கணக்கு 17.1 என்றால், இனி டிஸ்ப்ளே எண்ணை 0.95-ஆல் பெருக்கிக்கொண்டால் போதும்.