எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்: கெட்டது என்று சொன்னால் நம்பலாம், நல்லது என்று சொன்னால் நம்ப முடியாது

எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி, நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவிதான் இந்த டெஸ்டர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி, நடுவில் எல்சிடி திரை, ஓரங்களில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு சாக்கெட். மேலே ஒட்டியிருக்கும் பெயர் எதுவானாலும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இதை ஏதோ ஒரு பிராண்டைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வாங்கக் காரணம் பலருக்கும் பழக்கமான தொல்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், மதர்போர்டு லோகோ வரும், விண்டோஸ் புள்ளிகள் கொஞ்சம் சுற்றும், டப்பென்று திரை இருண்டு மறுபடி முதலிலிருந்து. சில நேரம் ஒழுங்காக உள்ளே போய்விடும், அதுதான் இன்னும் எரிச்சல்.

பயன்படுத்துவது சுலபம். கம்ப்யூட்டரை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடிய விட்டு, 24 பின் பிளக்கை மதர்போர்டிலிருந்து கழற்றி டெஸ்டரில் செருக வேண்டும். (மதர்போர்டு பக்கம் கழற்றுவதுதான் கஷ்டம், அந்த கிளிப் சில கேபினட்டுகளில் விரல் நுழையாத மூலையில் இருக்கும்.) மின்சாரம் கொடுத்ததும் டெஸ்டரே எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்துவிடும், பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைக்கிற பழைய வித்தை தேவையில்லை. திரையில் 12, 5, 3.3 வோல்ட்டும், மைனஸ் 12 வோல்ட்டும், அணைத்திருக்கும்போதும் ஓடுகிற 5 வோல்ட் ஸ்டாண்ட்பையும் வரும். எல்லை தாண்டினால் பீப் அடிக்கும், எண்ணுக்குப் பதில் எல்எல் (குறைவு) அல்லது எச்எச் (அதிகம்) என்று காட்டும். 8 பின் சிபியு பிளக், கிராஃபிக்ஸ் கார்டு பிளக், டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றாகத்தான் செருக வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது பிஜி (பவர் குட்) என்று போட்டிருக்கும் எண்தான். எஸ்எம்பிஎஸ் ஆன் ஆனவுடன் மதர்போர்டு வேலையைத் தொடங்காது; வோல்டேஜ் எல்லாம் நிலைபெற்றுவிட்டது என்று சாம்பல் நிற ஒயர் வழியாக எஸ்எம்பிஎஸ் சைகை கொடுக்கும்வரை பிராசஸரை ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். அந்தச் சைகை வர எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்பதுதான் இந்த எண். 100-லிருந்து 500-க்குள் இருந்தால் சரி. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சைகை ஒரு கணம் விழுந்தாலும் போர்டு ரீசெட் ஆகிவிடும், நாம் பார்ப்பது ஒரு எச்சரிக்கையும் இல்லாத ரீஸ்டார்ட். இந்த எண்ணை மல்டிமீட்டரில் பார்க்க முடியாது.

சரி, என் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு என்ன சொன்னது? 12.1, 5.0, 3.3, பிஜி 280. ஒரு பீப்கூட இல்லை. இதை நம்பியிருந்தால் அடுத்து ராம், மதர்போர்டு என்று காசைக் கரைத்திருக்கலாம்.

கருவியின் பெரிய ஓட்டை இதுதான். உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதோ கதையே வேறு: பிராசஸர் வேகம் கூட்டுகிறது, டிரைவர் ஏறியதும் கிராஃபிக்ஸ் கார்டு விழித்துக்கொள்கிறது, 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் இருந்தால் அது சுழல ஆரம்பிக்கும் சில நொடிகளில் மட்டும் 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயதான கெபாசிட்டர் உள்ள எஸ்எம்பிஎஸ் சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், மூட்டையை ஏற்றினால்தான் முதுகு வளையும். அதோடு, வோல்டேஜ் மேல் ஏறி இறங்கும் சிற்றலையையும் டெஸ்டர் பார்ப்பதில்லை. எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் தர விதிப்படி 12 வோல்ட்டில் அது 120 மில்லிவோல்ட்டுக்குள், 5-லும் 3.3-லும் 50-க்குள் இருக்க வேண்டும். அதை அளக்க மின் அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும், நம் வீட்டில் யாரிடம் இருக்கிறது?

திரையின் எண்களும் 0.1 வோல்ட் படிகளில்தான் நகர்கின்றன. 12 வோல்ட்டுக்கு 11.4 முதல் 12.6 வரை அனுமதி என்பதால் அங்கே பரவாயில்லை. 3.3-க்கு 3.14 முதல் 3.47 வரைதான், அங்கே திரை 3.1 என்று காட்டினால் உள்ளேயா வெளியேயா என்று எப்படிச் சொல்வது?

என் வீட்டு விவகாரத்தைக் கடைசியில் பிடித்தது சாதாரண மல்டிமீட்டர். எல்லா பிளக்கையும் பழையபடி மாட்டி, காலியாக இருந்த மோலெக்ஸ் (பழைய நான்கு பின்) பிளக்கில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவில் முனைகளை வைத்து கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். லோகோ வரை 12-ஐ ஒட்டியே இருந்தது, புள்ளிகள் சுற்றும்போது 11-க்குக் கீழே இறங்கியது, திரை இருண்டது. மல்டிமீட்டர் மெதுவான கருவி, உண்மையில் இதைவிட ஆழமாகவே விழுந்திருக்கும். வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் பிரச்சினை போய்விட்டது.

அதற்காக டெஸ்டர் குப்பை என்று சொல்ல மாட்டேன். நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டர் ஃபேனை அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்று, மறுபடி அரைச் சுற்று சுற்றி என்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் எஸ்எம்பிஎஸ்ஸை டெஸ்டரில் மாட்டியவுடன் ஸ்டாண்ட்பை 4.3 என்று காட்டிக் கத்தியது. 4.75-க்குக் கீழே போகவே கூடாத லைன் அது. இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது, யாரும் ராமைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டிருக்கவில்லை. சுமையே இல்லாதபோதும் தோற்கிற எஸ்எம்பிஎஸ் சந்தேகமில்லாமல் செத்ததுதான், அந்தத் தீர்ப்பில் இந்தப் பெட்டியை முழுக்க நம்பலாம்.

வாங்குவதற்கு முன் செலவில்லாமல் பார்க்க வேண்டியவை சில உண்டு. எந்த இடத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது என்று கவனியுங்கள். லோகோவுக்கு முன்பே என்றால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. போர்டில் சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் என்று சின்ன விளக்குகள் இருந்தால் எது எரிந்தபடி நிற்கிறது என்று பாருங்கள், கேபினட்டின் பவர், ரீசெட் பட்டன் ஒயர்களைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு பவர் பட்டனுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவரால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டு ஆன் செய்து பாருங்கள், சிக்கிக்கொண்ட பட்டனே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. புதிதாக டிடிஆர்5 ராம் மாட்டிய கம்ப்யூட்டர் முதல்முறை சில நிமிடம் கறுப்புத் திரையோடு நின்று, தானே ரீஸ்டார்ட்டும் ஆகும், அது ராமுக்கும் போர்டுக்கும் நடக்கும் பழக்கப்படுத்தல், பதறிப்போய் அணைக்காதீர்கள்.

லோகோ தாண்டிய பிறகு என்றால் முதலில் விண்டோஸின் தானியங்கி ரீஸ்டார்ட்டை நிறுத்துங்கள். பூட் ஆகும்போது சில முறை இடையில் அணைத்தால் ரிப்பேர் திரை வரும், அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை போய் 9-ஐ அழுத்தினால் போதும். நீலத் திரை வந்து பிழை எண்ணோடு நின்றால் டிரைவர், ராம், டிஸ்க் பக்கம் தேடலாம். அதன் பிறகும் ஒன்றும் காட்டாமல் அணைந்தால் மின்சாரத்தின் மீதுதான் சந்தேகம். உள்ளே போக முடிகிற நாளில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து கெர்னல் பவர் 41 பதிவைப் பாருங்கள், அதில் பிழை எண்ணான பக்செக்கோட் 0 என்றிருந்தால் விண்டோஸுக்கு எழுதி வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள்.

மாதம் முழுக்க அடுத்தவர் கம்ப்யூட்டர்களைத் திறந்து மூடுகிறவர் என்றால் வாங்குங்கள், மிச்சமாகும் நேரமே அதற்கான விலையைக் கொடுத்துவிடும். ஒரே ஒரு கம்ப்யூட்டருக்காக என்றால் மல்டிமீட்டர் போதும், அது ஸ்விட்ச் போர்டுக்கும் பேட்டரிக்கும்கூட உதவும். டெஸ்டர் நன்றாகக் காட்டியும் சந்தேகம் தீரவில்லையா, இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அப்படி மாட்டும்போது, மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய) வகையாக இருந்தால் அதன் கேபிள்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு; 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க் எல்லாம் புகைந்துவிடும். அப்புறம், கெட்டது என்று தெரிந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம், உள்ளே பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.